மூன்று மாதம் வீட்டில் இருந்த கார்

கிறைஸ்லர் நிறுவனத்தின் டர்பைன் காரைப் பற்றிப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டால், தெரிந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “அது தோற்றுப்போன திட்டம்.” எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. கடைக்கு வராத பொருளெல்லாம் தோற்ற பொருள் என்றால், நம் பல்கலைக்கழகங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஆண்டுதோறும் செய்யப்படும் இறுதியாண்டுத் திட்டங்களில் எத்தனை மிஞ்சும்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் இருப்பதைப் போன்ற விசையாழி இயந்திரத்தைக் காரில் பொருத்தும் முயற்சியை 1950இல் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹியூப்னர் தலைமையிலான கிறைஸ்லர் பொறியாளர்கள் அதே வழியில் பல ஆண்டுகள் உழைத்தார்கள். இத்தாலியின் தூரின் நகரில் உள்ள கியா பட்டறை காரின் உடலைக் கையால் செய்து அனுப்பியது. மக்களிடம் கொடுப்பதற்கென்று 50 கார்கள் தயாராயின. எல்லாமே ஒரே வெண்கல நிறம்.

இயந்திரத்தின் வேலை எளிமையானது. காற்றை இழுத்து அழுத்தி, எரிபொருளோடு சேர்த்து எரிக்க, சூடான வாயு விசையாழியின் இதழ்களைச் சுழற்றும். பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதில்லை. அதனால் அதிர்வும் இல்லை. ஒரே ஒரு ஸ்பார்க் பிளக் போதும். தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர் வேண்டாம். 130 குதிரைத்திறன், உச்சத்தில் நிமிடத்துக்கு 44,600 சுற்று. டீசல், மண்ணெண்ணெய் என்று எரியக்கூடிய எதையும் குடித்தது. மெக்சிகோ அதிபர் அடோல்ஃபோ லோப்பஸ் மத்தேயோஸ் டெக்கீலா மதுவை ஊற்றி ஓட்டிப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், அன்று அமெரிக்காவின் எல்லா நிலையங்களிலும் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல்தான் அதற்கு ஒத்துவராது. ஈயம் உள்ளே படிந்துவிடும்.

ஆனால், என்னைக் கவர்ந்தது இயந்திரம் அல்ல. அதைச் சோதித்த விதம்.

1963 முதல் 1966 வரை, 203 பேரிடம் அந்தக் கார்கள் மாறி மாறிப் போயின. 133 நகரங்கள், 21 வயது இளைஞர் முதல் 70 வயது முதியவர் வரை. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று மாதம். காருக்கு வாடகை இல்லை, பழுது பார்க்கும் செலவும் நிறுவனத்துடையது. எரிபொருளுக்கு மட்டும் ஓட்டுபவர் பணம் கொடுக்க வேண்டும். கேட்டு எழுதியவர்கள் 30,000 பேருக்கு மேல். மொத்தம் பத்து லட்சம் மைலுக்கு மேல் ஓடின. வேலைக்கும், கடைக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஓடிய மைல்கள் அவை. திரும்ப வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டார்கள்.

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. முடுக்கியை மிதித்தால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாய்ந்தது. எரிபொருள் அதிகம் குடித்தது; சிக்னலில் சும்மா நிற்கும்போதும் இயந்திரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றிக்கொண்டே இருக்குமே! உயரமான மலை ஊர்களில் அதைக் கிளப்புவதே சிரமமாக இருந்தது. சோதனைக்கூடத்தில் தெரிந்த பொறியாளர் ஓட்டும்போது இவையெல்லாம் சிறு குறைகளாகத் தெரியும். தினமும் அவசரத்தில் கிளம்பும் குடும்பத்துக்கு அவை சிறு குறைகள் அல்ல. தாங்கள் தயாரித்த செயலியை நெருங்கிய நண்பர்கள் நாலு பேரிடம் மட்டும் கொடுத்து, “நல்லாருக்கு” என்று கேட்டுத் திருப்திப்படும் மாணவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இனி நினைவுகளுக்கு வருவோம். அந்த வீடுகளில் அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று அறுபது, எழுபது வயதைத் தொட்டவர்கள். அவர்கள் சொல்வது வேறு கதை: பெரிய தூசு உறிஞ்சியைப் போன்ற இரைச்சல், எண்ணெய் நிலையத்தில் கூடிய கூட்டம், தெருவே திரும்பிப் பார்த்த பெருமை. எரிபொருள் செலவைப் பற்றி அதிகம் பேச்சில்லை. இது இயல்பு. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவைப் பற்றி உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். முதல் பயணத்தைச் சொல்வார்கள். எத்தனை முறை பட்டறைக்குப் போனது என்பது கடைசியில்தான் வரும்.

அதற்காக நினைவை ஒதுக்கிவிட முடியாது. நிறுவனத்தின் அறிக்கை குறையை எண்ணிக் கணக்கிட்டது. ஒரு சாதாரணக் குடும்பம் எதிர்காலத்தைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தபோது எப்படி உணர்ந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல ஆள்தான் வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்குத்தான் முழுப் படம் கிடைக்கும்.

கார்களை என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். முன்மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் 55 கார்கள். சோதனை முடிந்ததும் 46 கார்களை அழித்துவிட்டார்கள். இத்தாலியில் செய்த உடலுக்கு இறக்குமதி வரி கட்ட நேரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். உதிரிபாகமும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் இல்லாத காரை மக்களிடம் விடக்கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதில் நியாயம் உண்டு. ஆனால், விற்காமல் இருப்பது வேறு, எரித்து நசுக்குவது வேறு. கல்லூரிக்கு ஒன்று கொடுத்திருந்தால்கூட எத்தனை மாணவர்கள் கழற்றிப் பார்த்துக் கற்றிருப்பார்கள்!

எஞ்சியவை ஒன்பது. ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் வசம், ஒன்று டெட்ராய்ட் அருகே ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில், ஒன்று செயின்ட் லூயிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில். நகைச்சுவை நடிகர் ஜே லெனோவும் ஒன்றை வைத்திருக்கிறார். அதைச் சாலையிலும் ஓட்டுகிறார். அவர் அதைக் கிளப்பும் காணொளி யூடியூபில் கிடைக்கும். ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.