ஐயாவின்ர இருமல்

மூட்டுவாதம் எண்டால் எங்கட சனத்துக்கு விரலும் முழங்காலும்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்பிடித்தான்.

ஐயாவுக்கு றூமற்றொயிட் ஆத்திரைற்றிஸ் எண்டு இஞ்சை ரொறன்ரோவில கண்டுபிடிச்சு, கிழமைக்கு ஒருக்கா மெதோற்றெக்சேற் குளிசை குடுத்தினம். டொக்டரிட்டைப் போனால் மொழிபெயர்ப்பாளர் நான்தான். ஒருமுறை ஐயா, "படியேறேக்கை இளைக்குது தம்பி, இருமலும் விடுகுதில்லை, அதையும் சொல்லு" எண்டார். ஊரில பத்தின சுருட்டு, இஞ்சத்தைக் குளிர், இவர் மூட்டு டொக்டர்தானே எண்டு நினைச்சு நான் சொல்லேல்லை. எனக்கு வேலைக்கு வேற நேரம் போச்சுது.

எட்டு மாதத்துக்குப் பிறகு வேறொரு டொக்டர் முதுகில குழாய் வைச்சுக் கேட்டார். உள்ள வெல்குறோ பிரிக்கிற மாதிரிச் சத்தமாம். சீ.ரி. ஸ்கான் எடுத்தால் இரண்டு நுரையீரலிலும் தழும்பு.

உண்மையில இது மூட்டில மட்டும் நிக்கிற வருத்தமில்லை. நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கிற வருத்தம், நுரையீரலையும் விடாது. ஆம்பிளையள், வயதானவை, புகைச்சவைக்கு ஆபத்துக் கூட. தொடக்கத்தில சாதாரண எக்ஸ்ரேயில தெரியாமலும் போகும். அதாலதான் 2023 இல வந்த அமெரிக்க மூட்டுவாத வைத்தியர்களின்ர வழிகாட்டி, ஆபத்துக் கூடினவைக்கு சீ.ரி. ஸ்கானும் மூச்சுப் பரிசோதனையும் செய்யச் சொல்லுது.

வந்த தழும்பை அழிக்க மருந்தில்லை. அழற்சியை அடக்க மைக்கோபினோலேற், றிற்றுக்சிமாப் மாதிரி மருந்துகள் இருக்கு. தழும்பு கூடிக்கொண்டு போறவைக்கு நின்ரெடனிப்பை 2020 இல அமெரிக்காவில அனுமதிச்சினம். அதுவும் வேகத்தைக் குறைக்குமே தவிர, போனதைத் திருப்பித் தராது. அப்ப எட்டு மாதம் எண்டது சின்னக் காலமில்லை.

"மெதோற்றெக்சேற்தான் நெஞ்சைக் கெடுத்தது, நிப்பாட்டுங்கோ" எண்டு சொல்லவும் ஆக்கள் இருக்கினம். அது அருமையாச் சிலருக்கு நுரையீரலில திடீர் அழற்சியைக் குடுக்கும். காய்ச்சலோடை புது இருமலோ மூச்சு முட்டோ வந்தால் அண்டைக்கே டொக்டரிட்டைச் சொல்லவேணும். ஆனால் மெல்ல மெல்ல வாற இந்தத் தழும்புக்கு அதுதான் காரணம் எண்டு பிந்திய ஆய்வுகள் காட்டேல்லை. நீங்களா நிப்பாட்டாதேங்கோ.

ஐயா என்னைப் பேசேல்லை. "நீ சொல்லியிருப்பாய் எண்டெல்லோ நினைச்சனான்" எண்டு மட்டும் கேட்டார்.

தாய் தேப்பனுக்கு மொழிபெயர்க்கப் போற பிள்ளையள், எது முக்கியம் எண்டு நீங்கள் தீர்மானிக்காதேங்கோ. அவை சொல்லுறது முழுக்கச் சொல்லுங்கோ.