வீடு பெயரும் வேளையில்...

 

காயல்பட்டினத்துச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் சென்னையில் வணிகம் செய்கிறார். வரும் கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் அங்கே குடிபெயர முடிவு செய்துள்ளார்கள். “உம்மா வீட்டில் பிறந்து, உம்மா வீட்டிலேயே மணம் முடித்து, அங்கேயே பிள்ளைகளையும் பெற்றேன். ஒரு வீட்டை எப்படிக் கட்டி எடுத்துச் செல்வது என்று எனக்குத் தெரியவில்லை” என்கிறார்.

அவர் திகைப்பு நியாயமானதே. காயலில் ஆண்மக்கள்தாம் பொருள் தேடிக் கொழும்பு, கல்கத்தா, சென்னை என்று கடல் கடந்தும் கரை கடந்தும் சென்றார்கள். பெண்மக்கள் தாய்வீட்டின் தூணாக நின்றார்கள். தலைமுறைகளாக வீடே மாறாத குடும்பத்தில் வீடு மாறும் கலையை யார் கற்றுக் கொடுப்பது? எனவே இம்மாதப் பகுதியை அச்சகோதரிக்கும் அவரைப் போன்ற பிறருக்குமாக எழுதுகிறேன்.

திட்டமிடுதல் சுன்னத்து

“அல்லாஹ் பார்த்துக் கொள்வான்” என்று கூறிக் கடைசி நாளில் சாக்குகளைத் தேடுவது தவக்குல் ஆகாது. கி.பி. 622இல் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒட்டகங்களை முன்கூட்டியே தீனியிட்டு ஆயத்தமாக வைத்திருந்தார்கள். பாதை அறிந்த வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் முஸ்லிமல்லாதவர், ஆனால் நம்பிக்கைக்குரியவர். உணவுப் பையைக் கட்டக் கயிறு இல்லாதபோது அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடைக்கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே நிறுத்திவிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சென்றார்கள். கொல்லத் துணிந்தவர்களின் ஊரிலும் அமானிதம் அமானிதமே!

ஆகவே முதல் வேலை பெட்டி வாங்குவதன்று. இரவல் வாங்கிய பாத்திரம், அண்டை வீட்டு நகை, மளிகைக் கடை பாக்கி, வேலைக்கார அம்மாளின் சம்பளம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தீருங்கள். தெருவாரிடம் பொருத்தம் கேட்டு விடைபெறுங்கள். பாரத்தில் பாதி அப்போதே குறைந்துவிடும்.

தாள்களே தலையானவை

1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டே மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் இலங்கையின் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். தம் மண்ணுக்கு மீள முயன்றபோது நிலப் பத்திரமும் சான்றிதழ்களும் இன்றி அவர்களுள் பலர் பட்ட துன்பம் சொல்லி மாளாது. அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். நமக்கோ அல்லாஹ் இரண்டு மாதங்கள் தந்திருக்கிறான். அதற்கு நன்றி செலுத்தும் முறை, தாள்களை ஒழுங்கு செய்வதே.

வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்று, நிக்காஹ் சான்று, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தனிப்பையில் இட்டு உடன் கொண்டு செல்லுங்கள், நகையும் அவ்வாறே. இவற்றை லாரியில் ஏற்றாதீர்கள். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பள்ளி மூடுவதற்கு முன் பெற்றுவிடுங்கள். தமிழ்நாட்டிற்குள் செல்வோர் குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் முகவரியை மாற்றிக் கொள்ளலாம். வீட்டை முற்றிலும் காலி செய்வோர் எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து, அதற்கான சான்றைப் பெற்றுச் செல்ல வேண்டும். நிறைந்த உருளையை வீட்டுச் சாமானோடு ஏற்றுவது உயிருக்கே ஆபத்து.

நம்மவர் பலர் மறப்பது மஹல்லா ஜமாஅத்தின் கடிதம். நாளை மகளுக்கு நிக்காஹ் பேசும்போது புதிய ஊரின் ஜமாஅத்தார் “முன்பு எந்த மஹல்லா?” என்று கேட்பார்கள். சந்தாவை முடித்து, கடிதத்தைக் கையோடு வாங்கிக் கொள்ளுங்கள்.

கட்டும் முறை

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் செல்லும் தோணிகளில் சரக்கு அடுக்குவதைக் கண்டவர்கள், அங்கேயே பாடம் கற்கலாம். கனத்தவை அடியில், இலேசானவை மேலே. இரு புறமும் பாரம் சமமாக இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் அலையில் சரக்கு நகரும், நகர்ந்தால் உடையும். லாரிக்கும் இதே விதிதான். பீரோவும் கிரைண்டரும் ஓட்டுநர் அறையை ஒட்டி அடியில் இருக்கட்டும். இடுக்குகளில் தலையணைகளையும் துணி மூட்டைகளையும் திணியுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் தேவைப்படுவதைக் கடைசியில் ஏற்றுங்கள்.

கிரைண்டரின் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் சுற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியை முந்தைய நாளே நிறுத்தி, நீர் வடித்து, துடைத்து, நிமிர்ந்த நிலையில் ஏற்றுங்கள். இறக்கிய உடனே மின்சாரம் கொடுக்காமல் சில மணி நேரம் பொறுங்கள். பீங்கான் தட்டுகளைப் படுக்க வைக்காமல், இடையே தாள் வைத்து நிமிர்த்தி அடுக்கினால் உடைவது குறையும். சஹன் போன்ற பெரிய தட்டங்களை மெத்தைகளுக்கு இடையே வைக்கலாம். நூல்களைச் சிறு பெட்டிகளில் இடுங்கள். பெரிய பெட்டியில் நிரப்பினால் அடி பிய்ந்துவிடும்.

நம் கரையில் உப்புக் காற்று. மெத்தைகளையும் துணிகளையும் இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பிறகே கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். துருப்பிடித்த கட்டில் திருகுகளுக்கு ஒரு வாரம் முன்பே எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றிய திருகுகளைத் துணிப்பையில் இட்டு அந்தக் கட்டிலிலேயே கட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, உள்ளிருப்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். லாரிக்காரரிடம் ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடி ஏற்றும் கூலி, சுங்கச் சாவடிக் கட்டணம், காப்பீடு அனைத்தையும் எழுத்தில் பேசி முடியுங்கள். சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நடுவழியில் பேரம் பேச இயலாது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களைத் தவிர்ப்பது நலம். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தெருக்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. தவிர்க்க முடியாவிடில் தார்ப்பாயை மேலே மட்டுமன்றி அடியிலும் விரியுங்கள்.

முதல் நாள் பெட்டி ஒன்று தனியாக இருக்கட்டும். தொழுகை விரிப்பு, கிப்லா பார்க்கும் திசைகாட்டி, மருந்து, தேயிலை, ஒரு சட்டி, சோப்பு, துண்டு, சுத்தியல், மின்விளக்கு, கயிறு இவை போதும். குர்ஆன் ஷரீஃபைக் கையில் கொண்டு செல்லுங்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் வழியில் நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஆனால் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு புதிய ஊரை அடைந்த பின் முழுமையாகத் தொழ வேண்டும்.

எடைக்குப் போட்ட செல்வம்

பழையன கழிக்கும்போது ஓர் எச்சரிக்கை. எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது நாங்கள் வீடு மாறினோம். பரணில் ஒரு மரப்பெட்டி நிறைய அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருந்தன. “இதைப் படிக்க இப்போது யார் இருக்கிறார்கள்?” என்று வீட்டிலுள்ளோர் பழைய தாள் வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிட்டனர். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அவற்றின் முதல் ஏடுகளில் எங்கள் முன்னோர் தம் பிள்ளைகள் பிறந்த நாளையும் நேரத்தையும் எழுதி வைத்திருந்தார்கள் என்பதை வாப்பா பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். மதரஸாவில் சேர்ந்து அந்த எழுத்தைக் கற்றேன். இன்று என்னால் படிக்க முடியும். படிக்க ஏடுதான் இல்லை.

காயலில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானீ’யை நம் பாட்டிமார் அரபுத் தமிழில் ஓதி மார்க்கம் கற்றார்கள். அத்தகைய நூல் உங்கள் பரணில் இருக்கலாம். உங்களுக்குப் படிக்கத் தெரியாதது பயனற்றதாகி விடாது. நிழலில் உலர்த்தி, மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, தூய பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கை வாட்டில் வையுங்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். வைத்துக் கொள்ள இயலாவிடில் ஆலிம் ஒருவரிடமோ அரபிக் கல்லூரி நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள். சிதைந்த குர்ஆன் ஏடுகளைக் கால்படாத இடத்தில் கண்ணியமாக அடக்கம் செய்யுங்கள்.

உம்மாவுக்கு ஓர் அறை

சகோதரியே! உம்மாவின் பொருள்களில் எதையும் அவரைக் கேளாமல் கழிக்காதீர்கள். நெளிந்த செம்பு உங்களுக்குப் பழைய இரும்புக்கடைச் சரக்கு. அவருக்கோ அது மணநாளின் நினைவு. அவர் உடன் வருவாரானால், சென்னையில் முதலில் அவருடைய அறையை ஒழுங்கு செய்யுங்கள். அவர் ஊரிலேயே இருப்பாரானால், அவர் அறையிலிருந்து ஒரு பொருளையும் அகற்றாதீர்கள். வீடு வெறிச்சோடியதாக அவருக்குத் தோன்றக் கூடாது. பெருநாளைக்கு வரும் நாளை இப்போதே குறித்து அவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். குறித்த நாளில் தவறாமல் வந்துவிடுங்கள். அந்த வாக்கும் ஓர் அமானிதமே.

வல்ல அல்லாஹ் உங்கள் புறப்பாட்டையும் சேர்தலையும் நலமாக்கி, புதிய இல்லத்தில் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.