ஆலோசகர் ஆக எந்த வாசல்?

நாகர்கோவில், களியக்காவிளை பக்கத்து வீடுகளில் ஒரு பெண் 'சைக்காலஜி படித்து கவுன்சலர் ஆகப் போகிறேன்' என்றால், பெற்றோர் முதலில் விசாரிக்கும் ஊர் திருவனந்தபுரம். பக்கத்து ஊர் என்பது மட்டும் காரணமல்ல. கவுன்சலிங் சைக்காலஜி என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. தரும் லயோலா சமூக அறிவியல் கல்லூரி இங்கே ஸ்ரீகார்யத்தில் இருக்கிறது. ஏசு சபையினர் 1963இல் தொடங்கியது. சற்றுத் தள்ளி காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை. லயோலாவிலேயே எம்.எஸ்.டபிள்யூ.வும் உண்டு. சமூகப் பணி படித்தவர்களும் ஆலோசகர் வேலைக்குப் போகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிக்கல் பட்டத்தின் பெயரில் இருக்கிறது. கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் வேறு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு. பின்னவருக்குச் சட்டம் வரையறை வைத்திருக்கிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவர் கிளினிக்கல் சைக்காலஜியில் அங்கீகரிக்கப்பட்ட தகுதியோ, முதுகலைக்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய 2 வருட எம்.ஃபில்.லோ பெற்றிருக்க வேண்டும். அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரமும் தேவை. எம்.எஸ்சி. கவுன்சலிங் முடித்த கையோடு மனநோய்க்குச் சிகிச்சை தருவதாகப் போர்டு மாட்டுவது, கம்பவுண்டர் டாக்டர் ஆன கதைதான். பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், குடிநோய் மீட்பு மையம், கம்பெனி மனிதவளப் பிரிவு ஆகியவைதான் ஆலோசகரின் களம். சின்னக் களமல்ல அது.

அந்த எம்.ஃபில்.லை நம்பியிருப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டபோது, கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தருவதாகத்தான் சொன்னது. இனி எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும், அந்தக் கல்லூரியின் பெயர் அந்த வருடத்துக்கான மறுவாழ்வு கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 'அப்ளை பண்ணியிருக்கிறோம், வந்துவிடும்' என்ற பதிலுக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.

வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிக்க நினைப்பவர்களுக்குப் பெரிய அடி 2025இல் விழுந்தது. தொலைதூர, ஆன்லைன் முறைகளில் உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளை அந்த வருட ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நடத்தக் கூடாது என்று மானியக் குழு தடுத்துவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் வளையத்துக்குள் கொண்டுவந்ததன் விளைவு இது. சம்பளத்தை விட முடியாத ஆசிரியைகளுக்கும் செவிலியர்களுக்கும் இது கஷ்டம்தான். ஆனால், எதிரே ஒருவர் அழும்போது என்ன செய்வதென்பதைத் தபாலில் வரும் பாடப் புத்தகம் எப்படிச் சொல்லித் தரும்?

எனவே கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணமோ ஹாஸ்டலோ அல்ல. படிக்கும்போது எத்தனை மணி நேரம் நிஜ மனிதர்களோடு உட்கார வைப்பார்கள், பக்கத்தில் இருந்து திருத்துவது யார்? தமிழ் மாணவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் திருவனந்தபுரத்தில் பயிற்சிக்கு அனுப்பும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் வருகிறவர் தன் துயரத்தை மலையாளத்தில்தான் சொல்வார். குமரி மாவட்டத்துக்காரர்கள் சமாளித்துவிடுவார்கள். மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ போகிறவர்கள், சேர்வதற்கு முன்பே ஆறு மாதம் மலையாளம் பழகிவிட்டுப் போகலாம்.