கணக்கும் கட்டளைக்கல்லும்

மருந்து உடலினுட் புகுந்து யாது செய்கின்றது? நோய்க்கிருமியின் வாழ்வுக்கு இன்றியமையாத புரதங்கள் பலவற்றிற் சிறு குழிகள் உள. அக்குழிக்கு ஏற்ற சிறு மூலக்கூறு ஒன்று சென்று அமருமாயின், அப்புரதத்தின் தொழில் தடைப்படும். இப்பொருத்தத்தை எமில் பிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1894-ஆம் ஆண்டிற் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் ஒப்பிட்டார். திறவுகோல் நுழையுங்கால் பூட்டும் நெகிழ்ந்து வடிவு மாறும் என்று 1958-இல் காஷ்லண்டு என்பார் உரைத்தார்.

பல்லாயிரந் திறவுகோல்களை ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தற்குக் காலமும் பொருளும் மிக வேண்டும். ஆதலின், அவற்றைக் கணிப்பொறியிற் பொருத்திப் பார்க்கும் முறையொன்றைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக் கண்ட்ஸ் குழுவினர் 1982-இல் வெளியிட்டனர். இன்றோ, புரத வடிவங்களின் பொதுக் களஞ்சியமும், பொருத்திப் பார்க்கும் நிரல்களுட் பலவும் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. சிறு கல்லூரி மாணவனும் இவ்வாராய்ச்சியிற் புகலாம். இது பெரும்பேறே, ஆயின் இப்பேற்றினுள்ளே ஓர் இடரும் மறைந்துளது.

நிரல் தருவது மதிப்பீடேயன்றி முடிபன்று. சூழ்ந்துள்ள நீரையும் புரதத்தின் நெகிழ்ச்சியையும் அது முற்றக் கணிக்கமாட்டாது. ஒரு மோலுக்கு 1.4 கிலோகலோரி பிழைப்பினும் பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறும். நிரல்களின் பிழையோ பல்கால் அதனினும் மிகுதி. இங்ஙனமாகவும், 2020-இல் கொரோனா பரவிய காலத்து, இம்மதிப்பெண் ஒன்றையே சான்றாகக் கொண்டு, இன்ன மூலிகைப் பொருள் அந்நோயைத் தடுக்கக்கூடும் எனக் கூறிய கட்டுரைகள் பல எழுந்தன. அவற்றை நம்பி நோயாளி ஒருவன் தக்க மருத்துவத்தைக் கைவிடுவானாயின், அப்பழி யாரைச் சாரும்?

கண்ட்ஸ் குழுவினர் நடந்த நெறி வேறு. எச்.ஐ.வி. நச்சுயிரியின் புரதமொன்றிற்கு, மனநோய்க்கு வழங்கும் ஹாலோபெரிடாலைப் பெரிதும் ஒத்த மூலக்கூறொன்று பொருந்துமெனக் கணிப்பொறி காட்டியது. அவர்கள் ஹாலோபெரிடாலைச் சோதனைக்கு உட்படுத்தி 1990-இல் முடிபை வெளியிட்டனர். அது புரதத்தைத் தடுத்தது மெய்யே. ஆயின் வேண்டும் அளவோ உடலுக்கு நஞ்சாவது. கணக்கு வழிகாட்டிற்று, சோதனை தீர்ப்பளித்தது.

ஆய்வுக்கூட வசதியில்லார் என்செய்வர் எனின், சோதனையால் முன்னரே அறியப்பட்ட பொருத்தத்தை நிரல் மீட்டுக் காட்டுகின்றதா என முதற்கண் பார்க்கலாம்; தம் முடிபை வசதியுடையார் கையில் ஒப்படைக்கலாம். தமிழ் பயில்வார்க்கு இந்நெறி புதிதன்று. யாப்பிற்குப் பொருந்துகின்றது என்பதனாலேயே ஒரு சொல்லை மூலபாடமெனக் கொள்ளோம்; ஏட்டுச் சான்றையும் தேடுவோம். அறிவியல் பயிலும் நண்பர்காள், பொருத்தம் கண்டோம் என்மின். மருந்து கண்டோம் என்னன்மின்.