குடும்பக் கணக்கு: ஜாகை எங்கே? வண்டி எங்கே?

செம்மங்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா பூங்காவுக்குப் போகவேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் செய்கிறார்கள். பக்கத்திலேயே தங்கினால் வாடகை அதிகம். தள்ளித் தங்கினால் குறைவு. எது லாபம்?”

நல்ல கேள்விதான். ஆனால் வாடகையை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும், சகோதரி! ஒரு காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு ஜாகைக்கும் நாலு வரி எழுதுங்கள்: வாடகை, வண்டி நிறுத்தும் கட்டணம், போய்வரும் செலவு, காலைப் பலகாரம்.

வாடகை கேட்கும்போதே, வரி சேர்த்துத்தானா என்று கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், அதற்கு மேற்பட்டால் 18. கூடுதல் படுக்கைக்குத் தனிக் காசா என்பதும் முக்கியம். சனி, ஞாயிறு என்றால் வாடகை ஏறிவிடும். பள்ளி விடுமுறையில் வாரநாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

இம்மாதிரிப் பூங்காக்களில் பொதுவாக நுழைவுச் சீட்டு வேறு, கார் நிறுத்தும் கட்டணம் வேறு. காரை ஜாகையிலேயே விட்டு ஆட்டோவில் போகலாம் என்றால், போக வர ஆட்டோக் கூலி அந்தக் கட்டணத்தை விழுங்கிவிடாதா என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, பக்கத்து ஜாகை 3,500 ரூபாய். பலகாரமும், பூங்காவுக்குக் கொண்டுபோய் விடும் வண்டியும் அதிலேயே அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். தள்ளியிருப்பது 2,800. லாபம் 700 என்று தோன்றுகிறது அல்லவா? பெட்ரோலும் சுங்கமும் 250, கார் நிறுத்த 100, நாலு பேர் பலகாரம் 320. ஆக 670. மிச்சம் 30 ரூபாய்தான்! அதற்காகக் குழந்தைகளை விடியுமுன் எழுப்பவேண்டுமா?

மாமல்லபுரத்தில் தங்கினால் சிற்பங்களையும் பார்த்துவிடலாம். அப்போது தூரமாய்த் தங்குவதற்கும் பலன் உண்டு. ரயிலில் செங்கல்பட்டு வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் திருப்போரூர் போனால், வண்டி நிறுத்தும் வரியையே அடித்துவிடலாம்!

“தங்குவானேன்? ராத்திரியே திரும்பிவிடலாமே” என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஒரு வழிக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பகல் முழுவதும் தண்ணீரில் ஆடிக் களைத்தவர், இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டுவதா? ஒரு நிமிஷத்தில் என்னவெல்லாம் நடந்துவிடும் என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2025 ஜூலை 8ஆம் தேதி உங்கள் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி, 3 மாணவர்களைப் பறிகொடுத்த ஊர் அல்லவா?

ஆகவே, ஓர் இரவு வாடகையைக் காகிதத்தில் முதல் வரியாக எழுதிவிடுங்கள். பணம் போதவில்லையா? பயணத்தை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். பூங்கா எங்கும் ஓடிவிடாது!