பழைய கிராமபோனுக்குப் புதுசா ஒரு தட்டு

மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில், 1926-ல், முதல் இசைத்தட்டு கொடுத்துவிட்டார். அந்தக் காலத்துத் தட்டை சாவி கொடுக்கும் கிராமபோனில் போட்டுக் கேட்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஒவ்வொரு தடவையும் இரும்பு ஊசி அதைத் தேய்க்கிறது. எல்.பி. தட்டைப் போட்டாலோ அதோ கதிதான்!

அதே அரக்கும் கல்மாவும் கலந்து புதுத் தட்டு போட வேண்டியதுதான். அரக்கு ஜார்க்கண்டிலேயே கிடைக்கிறது. ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டுதான், 1926 பதிவுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. இடிப்பது அச்சு செலவு. பத்துத் தட்டுக்கும் அதே அச்சு, ஐந்நூறுக்கும் அதே அச்சு. மதுரையை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. கொழும்பு, கோலாலம்பூர் வரை கிராமபோன் வைத்திருப்பவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இறங்கலாம். அசல் தட்டு உறையிலேயே தூங்கட்டும்.