வில்லை ஒட்டினோம், வித்தை ஒட்டியதா?

1990களின் இறுதியிலும் 2000களிலும் வளர்ந்த மலேசியருக்கு ‘லோட்டஸ்’ என்ற பெயர் புதிதன்று. புரோட்டோன் கார்கள் சிலவற்றின் பின்புறத்தில் சிறியதோர் ஒட்டுவில்லை இருக்கும். காரின் ஓட்டத்தையும் பிடிமானத்தையும் செப்பனிட்டது லோட்டஸ் என்று அது அறிவிக்கும். தொழிற்சாலை ஒட்டியது போதாதென்று, உதிரிப்பாகக் கடையில் சில வெள்ளிக்கு அதே வில்லையை வாங்கி, பழைய வீராவிலும் இஸ்வாராவிலும் ஒட்டிக்கொண்ட இளைஞர்களும் இருந்தார்கள். நம் வகுப்புத் தோழர்களும் அதில் அடக்கம்.

அந்த வில்லையின் பிறப்பிடத்தை 2024ஆம் ஆண்டில் நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான் இயந்திரப் பொறியியல் படித்த முன்னாள் மாணவன். பணி நிமித்தமாக இங்கிலாந்து சென்றிருந்தபோது ஒரு நாளை ஒதுக்கி, கட்டணம் செலுத்தி, பார்வையாளர் குழுவோடு உள்ளே போனேன். கண்டதை மட்டும் எழுதினால் அது பயணக் கட்டுரையாகிவிடும். என் நோக்கம் அதுவன்று. 1996 முதல் 2017 வரை, 21 ஆண்டுகள், அந்தப் பட்டறை நம் நாட்டுக்குச் சொந்தமாக இருந்தது. அதிலிருந்து நாம் என்ன கற்றோம்? இதுவே என் கேள்வி.

முதலில் ஒரு செய்தி. லோட்டஸ் ஒரு பல்கலைக்கழக மாணவரின் கைவேலையிலிருந்து பிறந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்றவர் காலின் சேப்மன். அவர் 1948இல் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துத் தம் முதல் பந்தயக் காரைக் கட்டினார். காதலியின் பெற்றோர் வீட்டுக் கொட்டகைதான் அவருக்குப் பட்டறை. 1952இல் நிறுவனம் உருவானது. பிறகு கிராண்ட் பிரீ உலகப் பட்டங்கள் வந்தன. 1986இல் ஜெனரல் மோட்டார்ஸும், 1993இல் இத்தாலியரான ரோமானோ அர்த்தியோலியும் அதை வாங்கினார்கள். 1996இல் அது புரோட்டோன் கைக்கு வந்தது. அப்போது புரோட்டோனின் தலைவராக இருந்தவர் தான் ஸ்ரீ யஹாயா அகமது.

தொழிற்சாலை இருக்கும் ஊர் ஹெத்தல். நார்விச் நகருக்குத் தென்மேற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட தளம் அது. 1966இல் சேப்மன் தொழிற்சாலையை இங்கே மாற்றினார். பழைய விமானத் தளம் இன்று ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள சோதனைத் தடமாகப் பயன்படுகிறது. ஷா ஆலம் தொழிற்சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு போன எனக்கு ஹெத்தல் சிறியதாகத்தான் தெரிந்தது.

உள்ளே எமீரா என்ற கார் உருவாகிக்கொண்டிருந்தது. 2021இல் அறிமுகமானபோது, இதுவே தங்களின் கடைசிப் பெட்ரோல் கார் என்று லோட்டஸ் அறிவித்திருந்தது. தானியங்கி ஊர்திகள் ஒவ்வொரு காரையும் சுமந்துகொண்டு அடுத்த நிலையத்துக்கு மெல்ல நகர்கின்றன. அங்கே மனிதர்கள் காத்திருக்கிறார்கள். ஒருவர் கதவின் இடைவெளியை விரலால் தடவிப் பார்க்கிறார், திருப்தியில்லை, மீண்டும் தளர்த்தி முடுக்குகிறார். அந்த விரலுக்கு இன்னும் மாற்று வரவில்லை.

எமீராவின் இயந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் பலர் வியப்பார்கள். அதன் வி6 இயந்திரம் டொயோட்டாவினுடையது. நான்கு சிலிண்டர் இயந்திரம் ஜெர்மனியின் ஏ.எம்.ஜி. நிறுவனத்தினுடையது. அப்படியானால் லோட்டஸ் செய்தது என்ன? எடையை எங்கே குறைப்பது, சக்கரத்தை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, சுருள்வில்லுக்கு எவ்வளவு இறுக்கம் கொடுப்பது என்பதை முடிவுசெய்வது. இயந்திரம் பிறருடையது, அறிவு அவர்களுடையது. ஓட்டிப் பார்ப்பவருக்கு அது லோட்டஸாகவே தெரிகிறது.

இந்த அறிவுக்கு எலீஸ் காரைவிடச் சிறந்த சான்று இல்லை. நாம் லோட்டஸை வாங்கிய அதே 1996இல் விற்பனைக்கு வந்தது எலீஸ். அலுமினியத் துண்டுகளைப் பற்றவைத்தால் வெப்பத்தால் உலோகம் வலுவிழக்கும். அதை ஈடுகட்டத் தடிமனைக் கூட்ட வேண்டும், எடையும் கூடும். ரிச்சர்ட் ராக்கம் என்ற பொறியாளரும் அவர் குழுவினரும் பற்றவைப்பதையே கைவிட்டார்கள். அச்சில் அழுத்தி வார்த்த அலுமினியச் சட்டங்களை எப்பாக்சி பசையால் ஒட்டி, சூட்டில் இறுகச் செய்தார்கள். பசை உரிந்துவிடாதபடி சில இடங்களில் திருகாணியும் வைத்தார்கள். விளைவு? அடிச்சட்டத்தின் எடை வெறும் 68 கிலோ. மொத்தக் காரின் எடை ஏறத்தாழ 725 கிலோ. ரோவர் குடும்பக் கார்களில் இருந்த 1.8 லிட்டர் இயந்திரத்தை, 118 குதிரைத்திறனோடு, அப்படியே வைத்தார்கள். அதுவே விலையுயர்ந்த பந்தயக் கார்களை வளைவுகளில் திணறடிக்கப் போதுமானதாக இருந்தது. ஆற்றலைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டுமே பலன். எடையைக் குறைத்தால் புறப்படும்போதும், நிறுத்தும்போதும், திரும்பும்போதும் பலன். இதுதான் சேப்மன் விட்டுச்சென்ற பாடம்.

இந்தப் பாடத்தைக் கண்டுகொண்டவர்கள் யார்? கலிபோர்னியாவில் அப்போது பெயர் தெரியாத சிறு நிறுவனமாக இருந்த டெஸ்லா! மின்கலம் கனமானது, எனவே கார் இலேசாக இருக்க வேண்டும். அதற்கு எலீஸின் அடிச்சட்ட முறையே ஏற்றது என்று அவர்கள் ஹெத்தலுக்கு வந்தார்கள். 2008 முதல் 2012 வரை ஏறத்தாழ 2,450 டெஸ்லா ரோட்ஸ்டர் கார்கள் உருவாயின. மின்கலமும் மோட்டாரும் இல்லாத அவற்றின் உடல்கள் ஹெத்தலில்தான் பூட்டப்பட்டன. அப்போது அந்தப் பட்டறையின் உரிமையாளர் யார்? நாம்தாம். உலகின் மின்கார் புரட்சிக்கு அடித்தளமிட்ட வண்டி ஒரு மலேசிய நிறுவனத்தின் கூரைக்குக் கீழே பிறந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே ஆண்டுகளில் நாம் எதில் மும்முரமாக இருந்தோம் என்பதையும் பார்ப்போம். 2010 பாரிஸ் கார் கண்காட்சியில் லோட்டஸ் ஒரே மேடையில் ஐந்து புதிய மாதிரிகளைக் காட்டியது. விளக்குகள் மின்னின, உலகப் பிரபலங்கள் வந்தார்கள். அந்த ஐந்தில் ஒன்றுகூட உற்பத்திக்கு வரவில்லை. 2011இல் பார்முலா ஒன் பந்தயத்தில் லோட்டஸ் என்ற பெயர் யாருக்கு உரியது என்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஒரு பக்கம் புரோட்டோனின் லோட்டஸ் குழுமம். மறுபக்கம் டோனி பெர்னாண்டஸின் அணி. இரு தரப்பும் மலேசியருக்குச் சொந்தம். பெயருக்காக நாம் நீதிமன்றத்தில் நின்றபோது, ஹெத்தலில் கலிபோர்னியாக்காரர்கள் வித்தையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றுமே கற்கவில்லை என்பது உண்மையன்று. 1998இல் வந்த சத்ரியா ஜி.டி.ஐ. காரை ஓட்டியவர்கள் இன்றும் அதன் திருப்பத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 2004இல் ஜென்-2 காரில் வந்த கேம்ப்ரோ இயந்திரம் லோட்டஸின் துணையோடு உருவானது. 2011இல் சத்ரியா நியோ ஆசிய பசிபிக் ரேலிப் பட்டத்தை வென்றது. நம் பொறியாளர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், 21 ஆண்டுகள் ஒரு தலைமுறைக் காலம். அத்தனை காலம் கையிலிருந்த பட்டறை, நம் நாட்டில் இன்னொரு பட்டறையைப் பெற்றெடுக்கவில்லை. 2017இல் லோட்டஸின் 51 விழுக்காடு சீனாவின் ஜீலிக்கும், மீதி 49 விழுக்காடு மலேசியாவின் எத்திக்கா ஆட்டோமோட்டிவுக்கும் போனது. வில்லை உரிந்தது. அடியில் என்ன மிஞ்சியது?

வரப்போகும் மாதிரிகளுக்கு வருவோம். ஜீலி வந்தபின் லோட்டஸின் முகம் மாறியது. 2019இல் காட்டப்பட்ட எவியா மின்காருக்கு நான்கு மோட்டார்கள். ஏறத்தாழ 2,000 குதிரைத்திறன். திட்டமிட்ட எண்ணிக்கை 130. 2022இல் வந்த எலெட்ரா சீனாவின் வூஹானில் உற்பத்தியாகும் ஐந்து கதவு மின்கார். அதன் எடை ஏறத்தாழ இரண்டரை டன். மூன்று எலீஸ்களைச் சேர்த்து நிறுத்தாலும் அந்த எடை வராது! 2024 செப்டம்பரில் காட்டப்பட்ட தியரி 1 என்ற முன்மாதிரி, ஓட்டுநரை நடுவில் உட்கார வைக்கும் மூன்று இருக்கை மின்கார். அதன் எடையை 1,600 கிலோவுக்குள் அடக்குவதே குறி என்றார்கள். மீண்டும் எடையைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால், முன்மாதிரி வேறு, வண்டி வேறு என்பதைப் பாரிஸ் மேடை நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

2025 ஆகஸ்டில், இங்கிலாந்தில் 550 பேர் வரை வேலையிழக்கலாம் என்று லோட்டஸ் அறிவித்தது. கதவின் இடைவெளியைத் தடவிப் பார்த்த அந்த விரலும் அதில் உண்டோ என்று நினைத்துக்கொண்டேன். வித்தை ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. அது மனிதர்களிடம் இருக்கிறது. அவர்கள் கலைந்தால் அதுவும் கலையும்.

இதையெல்லாம் ஒரு தமிழ் மலரில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நம் சமுதாயத்தில் கார்ப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஏராளம். கிள்ளானிலும் ஈப்போவிலும் சுங்கை பட்டாணியிலும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லும் அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சான்றிதழ் இல்லை. அதே ஊர்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்து பொறியியல் படிக்கும் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஸ்பேனரைத் தொட்டதில்லை. அவருக்குக் கை இருக்கிறது; இவருக்குக் கணக்கு இருக்கிறது. இருவரும் ஒரே கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தாலும், தொழிலைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ‘படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்’ என்று நம் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுகிறோம். சேப்மனுக்குக் கையும் கணக்கும் ஒருவரிடமே இருந்தன. ஹெத்தலில் அவை ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. நாமோ பட்டறையைத் தண்டனையாக்கி வைத்திருக்கிறோம்.

இப்போது இரண்டாவது வாய்ப்பு ஒன்று வாசலில் நிற்கிறது. 2024 டிசம்பரில் புரோட்டோனின் இ.மாஸ் 7 மின்கார் வந்தது. 2025இல் தஞ்சோங் மாலிமில் மின்கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அந்தக் காரின் அடிப்படை ஜீலியினுடையது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எமீராவின் இயந்திரமும் இரவல்தானே! இரவல் வாங்கியதன் உள்ளே நம் அறிவு எவ்வளவு சேர்கிறது என்பதே கேள்வி. மின்கலத்தின் வெப்பத்தை நம் பருவநிலைக்கு ஏற்பக் கட்டுப்படுத்துவது, நம் சாலைகளுக்கேற்ப சஸ்பென்ஷனைச் செப்பனிடுவது, பழுதான மின்காரை அஞ்சாமல் பிரித்துச் சேர்ப்பது ஆகியவற்றில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெட்ரோல் இயந்திரத்தை நம்பிய நம் பட்டறைக்காரர்கள் இந்த மாற்றத்தில் தெருவில் நிற்கப் போகிறார்களா, அல்லது புதிய தொழிலின் முன்வரிசைக்கு வரப் போகிறார்களா?

நம் பேரவைகள் இலக்கிய விழாவும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகின்றன, நடத்தட்டும். கூடவே ஒரு சனிக்கிழமையைப் பட்டறைக்குக் கொடுப்போம். பொறியியல் மாணவர்கள் அங்கே போய் மின்காரின் உயர் மின்னழுத்தம் ஏன் ஆபத்தானது, அதை எப்படித் துண்டிப்பது என்று தமிழில் விளக்கட்டும். பட்டறை அண்ணன்மார் இவர்கள் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, ஓசையைக் கேட்கப் பழக்கட்டும். தேவையான தமிழ்ச் சொற்களும் அங்கேயே பிறக்கும். தொழில்திறன் கல்விக்குப் போகும் தம்பி தங்கைகளைத் தோற்றுப்போனவர்களாகப் பார்க்கும் வழக்கத்தை நம் வீட்டிலிருந்தே நிறுத்துவோம்.

தொழிற்சாலையைப் பணம் கொடுத்து வாங்கலாம்; பெயரை வழக்காடிப் பெறலாம். வித்தையை மட்டும் பக்கத்தில் நின்று, கையை அழுக்காக்கித்தான் பெற முடியும். தஞ்சோங் மாலிமிலிருந்து புறப்படும் கார்களின் பின்புறத்தில் எந்த வில்லை இருந்தாலும் சரி; அதன் உள்ளே கைவைத்தவர்களில் நம்மவர் இருக்க வேண்டும். அதற்கான முதல் சனிக்கிழமையை எப்போது வைத்துக்கொள்ளலாம், தோழர்களே?